கார்பன் தாள்

அவருடைய வீரத்தை நான்தான் தட்டச்சடித்தேன்.
கென்னிங் மலை, நாற்பத்தாறாம் வருடம்,
மார்ச் மாதப் புழுக்கம். மூலம் ஒன்று, பிரதி மூன்று.
பெயரிலேயே தடுக்கியது:
ஒரு கோப்பில் சவேரி, இன்னொன்றில் ராயன்,
ஆஸ்பத்திரிச் சீட்டில் வெறும் எண்.
எது சரி என்று கேட்டேன்.
“சம்பளம் எந்தப் பேர்ல வருதோ அதுங்க”
என்றார் சவரிராயன்.

மேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
பிப்ரவரி இரண்டாம் வாரம், புக்கிட் தீமா சாலை,
எரிகிற லாரிகளுக்கும் கால்வாய்க்கும் நடுவே
தொண்ணூறு கஜம் வெட்டவெளி.
காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து
ஏழு தடவை கடந்தார்,
தன் உயிரைச் சற்றும் பொருட்படுத்தாமல்.

கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்.
பெஞ்சு நுனியில் இருந்தவர் நிமிர்ந்தார்.
“யாரு சொன்னா?
ஒவ்வொரு தடவையும் பொருட்படுத்தினேன்.
மூணாவது தடவை கால்சட்டையிலேயே போயிருச்சு.
அதையும் போடச் சொல்லுங்க.”
பிறகு, மேஜரைப் பார்க்காமல்,
“ஏழு இல்லீங்க. எட்டு.”

எட்டாவது தடவை
லாரிச் சக்கரத்தடியில் ஒரு பையன்.
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.
தூக்காதே என்றானாம்.
இவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாராம்.
ஆம்பூரில் இப்போது மழையா என்று கேட்டானாம்.
ஆமாம், நல்ல மழை என்றாராம்.
பிப்ரவரியில் அங்கே மழையேது,
யாழ்ப்பாணத்தான் எனக்கே தெரியும்.
இருபத்திரண்டு குண்டுகள் எண்ணியபின்
வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

எட்டு என்று அடித்தேன்.
மேஜர் நீலப் பென்சிலால் வெட்டினார்.
கெட்ட மனிதரல்ல, விளக்கவும் செய்தார்:
ஆளைக் கொண்டுவந்தால்தான் கணக்கு,
கொண்டுவராத நடைக்கு யார் சாட்சி?
புதிய தாள். ஏழு.

இதே இயந்திரத்தில்தான்
மூன்றரை வருடம் டோக்கியோ நேரத்துக்கு
அரிசிப் பங்கீடு அடித்தேன்.
இல்லாத பெயர்களைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்.
இருந்த பெயர்களை எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தேன்.
அதைப் பற்றி எந்த மேஜரும் கேட்கவில்லை.

பாடாங்கில் அணிவகுப்பு.
எழுத்தர்கள் நாங்கள்
தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றோம்.
ஒலிபெருக்கியில் என் வாக்கியங்கள்
என்னுடையவை போலவே இல்லை.
பதக்க ஊசி சட்டையைத் தாண்டியிருக்க வேண்டும்;
சவரிராயன் அசையவில்லை.
ஏழு என்று வாசித்தபோது மட்டும்
உதடு ஏதோ சொல்லி மூடிக்கொண்டது.

அன்று மாலை சிராங்கூன் சாலையில்
கோப்பிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
வெள்ளிப் பதக்கம் மேல்பையில்,
வியாழக்கிழமைக் கப்பல் சீட்டோடு.
“அந்தப் பையன் பேரைக் கேக்கல” என்றார்.
“கேட்டா தூக்கணும்னு தோணிடும்.”
கோப்பியைக் கோப்பையிலிருந்து தட்டில் ஊற்றி
ஆறும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.
ஆறியபிறகும்.

வெட்டுப்பட்ட தாளை விதிப்படி எரித்துவிட்டேன்.
கார்பன் தாளை எரிக்கவில்லை;
அந்த வருடம் அதற்கும் தட்டுப்பாடு.
அதை வைத்தே விடுப்பு விண்ணப்பம் அடித்தேன்,
கொசுவலைப் பட்டியல், பூட்ஸ் பட்டியல்,
செத்துப்போன கோவேறு கழுதைகளுக்கான இழப்பீடு.

இன்று சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்.
கறுப்பில் எழுத்தின்மேல் எழுத்து.
கொசுவலை நானூறுக்கும் கழுதை பதினொன்றுக்கும் இடையே
மை விட்டுப்போன இடத்தில்
ஊசிமுனை வெளிச்சம்.
அது எட்டு.
எட்டு என்றுதான் நான் படிக்கிறேன்.